வெள்ளத்தில் மூழ்கிய காரை ரேஸ் காராக்கலாம்... அதன் ஆர்சி-யை என்ன செய்வது?

டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். அங்கே 1969-ல் திறக்கப்பட்ட டெக்சாஸ் வேர்ல்டு ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக், 2017-ல் கிட்டத்தட்ட மூடுவிழா நிலைக்கு வந்திருந்தது. அந்த ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் ஹூஸ்டன் நகரத்தைத் தண்ணீருக்குள் தள்ளியது. அடுத்த சில வாரங்களில் டிராக் முழுக்க கார்கள். ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக. வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால், ஏதோ பெரிய ரேஸ் நடக்கிறது, ரசிகர்கள் வண்டியை நிறுத்திவிட்டு கேலரிக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கிட்டே போனால் கதை வேறு. சீட்டில் பூஞ்சை, டேஷ்போர்டு மேல் காய்ந்த சேறு. எல்லாமே இன்சூரன்ஸ் கணக்கில் 'டோட்டல் லாஸ்' ஆகி, ஏலத்துக்காகக் காத்திருந்த வண்டிகள்.

ரேஸ் டிராக்குக்கு வந்துவிட்ட அந்த வண்டிகளில் சிலவற்றையாவது ரேஸ் ஓட்டலாமே என்ற ஆசை பலருக்கு உண்டு. அமெரிக்காவில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் 'ஏலத்தில் எடுத்தேன், மூன்று மாதத்தில் டிராக்கில் இறக்கினேன்' வகை வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைப் பார்க்கும் நம்ம ஊர் இளைஞர்களுக்கும் கை பரபரக்கிறது. பரபரப்பதில் நியாயமும் இருக்கிறது. சென்னையை எடுத்துக்கொண்டால், மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் இருங்காட்டுக்கோட்டையில். ஹூண்டாய் தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில். 2015 டிசம்பரில் நகரமே பேசிய செம்பரம்பாக்கம் ஏரி அங்கிருந்து அதிக தூரமில்லை. கார் செய்யும் இடம், கார் பறக்கும் இடம், காரை மூழ்கடித்த தண்ணீர் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

இந்த ஆசையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, 'மூழ்கிய காரா? தொடவே தொடாதே' என்பது. இன்னொன்று, 'ரேஸ் காருக்கு ஏசியும் கார்ப்பெட்டும் எதுக்கு, சல்லிசா கிடைச்சா எடுத்துடு' என்பது. முதல் பேச்சு மிகையானது. இரண்டாவது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பணமும் போகிறது, சில சமயம் வேறு யாருடைய உயிரோ மாட்டிக்கொள்கிறது.

எதைப் பிடுங்கி எறிகிறார்களோ, அதைத்தான் தண்ணீரும் கெடுக்கிறது

சாதாரண காரை ரேஸ் காராக்குபவர் முதல் நாள் என்ன செய்வார்? பின் சீட்டைக் கழற்றுவார். முன் சீட், கார்ப்பெட், கூரைத் துணி, கதவு பேனல், ஸ்பீக்கர், ஏசி, சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட் வரை எல்லாம் வெளியே. ஏர்பேக்கையும் எடுத்துவிடுவார்கள். ரோல் கேஜ், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட் என்று வந்த பிறகு ஏர்பேக்குக்கு அங்கே வேலை இல்லை. கடைசியில் மிஞ்சுவது இரும்புக் கூடு, எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக். அவ்வளவுதான்.

சீட் உயரம்வரை தண்ணீர் ஏறிய ஒரு காரில் எது முதலில் சாகிறது என்று பார்த்தால், கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். கார்ப்பெட் நாறும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மோட்டாரும் சென்சாரும் போகும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் நடுத்தரையில், கியர் லீவருக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுவும் போகும். சாலைக்காரை வைத்திருப்பவருக்கு உயிரை எடுக்கும் செலவெல்லாம் ரேஸ் கட்டுபவருக்குக் குப்பைத்தொட்டிச் சமாச்சாரம். அதனால், கணக்கு தெரிந்தவர்கள் மூழ்கிய காரைத் தேடிப் போவதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது.

கூடு பற்றிய பயமும் கொஞ்சம் மிகைதான். தொழிற்சாலையில் ஒவ்வொரு கார் கூடும் துருத் தடுப்புப் பூச்சுக்காகத் தொட்டியில் முழுசாக முக்கி எடுக்கப்படுகிறது. அதாவது, கார் பிறக்கும்போதே ஒருமுறை மூழ்கித்தான் வருகிறது. நல்ல தண்ணீரில் ஒரு நாள் நின்ற கூடு உடனே இற்றுப்போகாது. தண்ணீர் வடிந்த பிறகும் உள்ளேயே தங்கிவிடும் சேறுதான் அதை மெதுவாகத் தின்னும்.

ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாரா, இல்லையா?

மூழ்கிய காரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். காற்றைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், வழிவிடாத தண்ணீரில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக்குகள் 'ஹைட்ரோ லாக்' என்பது இதைத்தான். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டிக்கொண்டே போய் நின்ற வண்டியிலும், தண்ணீர் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பிய வண்டியிலும் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு வாசலில் சும்மா நின்றபடி மூழ்கிய வண்டியின் எஞ்சின் பிழைத்திருக்கலாம்.

ஆனால் 'பிழைத்திருக்கலாம்' என்பதற்கும் நாள் கணக்கு இருக்கிறது. தண்ணீர் புகுந்த சிலிண்டர் சுவரில் சில நாட்களிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். பிஸ்டன் ரிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டால் தப்பிக்கும் எஞ்சின், இரண்டு மாதம் யார்டில் கிடந்துவிட்டு வரும்போது இறுகிப்போயிருக்கும். ஏலத்துக்கு வரும் வண்டி பெரும்பாலும் இரண்டாவது ரகம். சர்வேயர் பார்க்க வேண்டும், கம்பெனி முடிவெடுக்க வேண்டும், காகிதம் நகர வேண்டும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு இதெல்லாம் வரிசையில்தான் நடக்கும். வண்டியைப் பற்றி யாருமே கவலைப்படாத நாட்கள் அவை.

ராடு லேசாக வளைந்திருந்தால் இன்னும் மோசம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஏல வீடியோவில் நன்றாகவே கேட்கும். சிட்டி டிராஃபிக்கில் 2,000 ஆர்பிஎம்-மில் அது இன்னும் கொஞ்ச நாள் ஓடிவிடலாம். ரேஸில் 6,000-க்கு மேல் மிதித்தால் அதே ராடு எஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். டிராக்கில் ஆயில் கொட்டும், பின்னால் வருபவர் அதில் சறுக்குவார். ஆகவே, மூழ்கிய காரின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் ரேஸுக்கு இறக்குவது சொந்த ரிஸ்க் மட்டும் அல்ல.

கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடாக ஓடிக்கொண்டிருந்த கியர் பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால், அந்தக் குழாய் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயிலைத் திறந்து பார்த்தால் பால் காபி கலரில் இருக்கும். வீல் பேரிங், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பிரேக் காலிப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியவை என்றே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பேரிங்கைச் சந்தேகத்தின் பேரில் மாற்றுவது சின்னச் செலவு. அது டிராக்கில் கழன்றால் சின்னச் செலவில் நிற்காது.

பணத்தை அதிகம் விழுங்குவது வயரிங். செம்புக் கம்பி முனையில் தண்ணீர் பட்டால் அது அந்த இடத்தோடு நிற்பதில்லை. ரப்பர் உறைக்குள் கம்பி இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். ஆறு மாதம் கழித்து உறையை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி. இன்றைய கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர், மீட்டர் பலகை, ஏபிஎஸ், ஸ்டியரிங் மோட்டார், சாவியை அடையாளம் காணும் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அதில் ஒன்று ஊமையானால், நல்ல எஞ்சின்கூட ஸ்டார்ட் ஆகாது. 'அதையெல்லாம் தூக்கிப்போட்டுட்டு தனி ஈசியு போட்டுக்கலாம்' என்பார்கள். போடலாம். தனி ஈசியு, புது வயரிங், அதை ட்யூன் பண்ணத் தெரிந்த ஆள் என்று சேர்த்தால், வண்டியை ஏலம் எடுத்த விலையை அது ஒன்றே தாண்டிப் போகக்கூடும். 1990-களின் ஹோண்டா சிவிக், மாஸ்டா மியாட்டா போன்ற எளிய வண்டிகளை அமெரிக்காவில் இன்றும் ரேஸ் கட்டத் தேடுவதற்கு, அவற்றில் இந்தப் பேச்சுவார்த்தைகள் குறைவு என்பதும் ஒரு காரணம்.

தண்ணீரிலும் சாதி உண்டு. மழைத்தண்ணீர் பரவாயில்லை. சாக்கடை கலந்த தண்ணீர் நாற்றத்தோடு நோயையும் கொண்டுவரும். கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் அந்த காரைப் பிரிக்கக்கூடாது. கடல்நீர் பட்ட காரை யார் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் விட்டுவிடலாம். உப்பு, கூட்டின் மூடிய அறைகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் முழுசாகக் கழுவி எடுக்க வழியில்லை. அலுமினியமும் இரும்பும் சேரும் இடங்களை அது வேகமாக அரிக்கும்.

எலக்ட்ரிக் காரென்றால் பேச்சே வேண்டாம். 2012-ல் சாண்டி புயலின்போது நியூஜெர்சியின் நெவார்க் துறைமுகத்தில் கடல்நீர் புகுந்து, 16 ஃபிஸ்கர் கர்மா கார்கள் எரிந்துபோயின. 2022-ல் இயான் புயலுக்குப் பிறகு புளோரிடாவில், கடல்நீரில் மூழ்கிய எலக்ட்ரிக் கார்கள் தண்ணீர் வடிந்த பின்னரும் தீப்பிடித்ததை அந்த மாநிலத் தீயணைப்பு அதிகாரிகளே வெளிப்படையாக எச்சரித்தார்கள். வீட்டுக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் வைத்துப் பிரித்துப் பார்க்கிற சமாச்சாரம் அல்ல இது.

ஏலம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது

அமெரிக்காவில் மூழ்கிய, மோதிய கார்களை விற்பதற்கென்றே பெரிய ஆன்லைன் ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு போட்டோ, ஒரு வரி விவரம், ஓடும் கடிகாரம். 'இருக்கிறது இருக்கிறபடி' என்பதுதான் நிபந்தனை. ஓட்டிப் பார்க்க முடியாது. 'ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது' என்று குறிப்பு இருந்தால், யார்டுக்கு வந்த நாளில் கொஞ்ச தூரம் நகர்ந்தது என்று மட்டும் பொருள். ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், காகிதக் கட்டணம், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தினவாடகை, அப்புறம் டிரெய்லர். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஏலத் தொகையாகவே கேட்டுவிடுவார்கள்.

இந்தியாவிலும் நடைமுறை பெரிதாக வேறு இல்லை. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் ஐடிவி-யில், அதாவது பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். வண்டிக்காரருக்குத் தொகை செட்டில் ஆகிவிடும். மிச்சமிருக்கும் உடல் 'சால்வேஜ்' என்ற பெயரில் ஏலத்துக்குப் போகும். கேட்பவர்கள் பெரும்பாலும் தொழில்முறை வியாபாரிகள். எந்த மாடலின் எந்தக் கதவு புதுப்பேட்டையில் என்ன விலைக்குப் போகும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த வண்டி ஒரு ஐ.டி. ஊழியருக்கு மலிவாகக் கிடைத்தால், அவர் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அப்படிக் கிடைத்தால் எவ்வளவுதான் மிச்சம்? கற்பனையாக ஒரு கணக்கு. நன்றாக ஓடும் பழைய ஹேட்ச்பேக் ஒன்று 3 லட்ச ரூபாய், அதே மாடல் மூழ்கியது 1 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 2 லட்சம். ரோல் கேஜ், ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்புக் கருவி, பிரேக், டயர், சஸ்பென்ஷன், ஓட்டுபவரின் உடை, ஹெல்மெட் எல்லாம் இரண்டு வண்டிக்கும் ஒரே செலவு. பாதுகாப்புச் சாமான்களுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. எஃப்ஐஏ முத்திரை உள்ள பெல்ட்டுக்கு ஆயுள் 5 வருடம். மூழ்கிய வண்டிக்கு மட்டும் கூடுதலாக எஞ்சின் பிரிப்பு, கியர் பாக்ஸ், பேரிங், வயரிங், கழுவுவதற்கே போகும் வாரக் கடைசிகள். அந்த 2 லட்சம் இதிலேயே கரைந்துவிடும். கரையாமல் இருக்க ஒரே வழி, வேலையைத் தானே செய்வது. நான்கு நண்பர்கள், ஒரு ஷெட், வெல்டிங் தெரிந்த ஒருவர் இருந்தால் கணக்கு மாறும். ஷெட்டுக்கு வாடகை, வேலைக்குக் கூலி என்று போனால் மாறாது.

மோட்டார் ஸ்போர்ட்ஸ் வட்டாரத்தில் பழைய பேச்சு ஒன்று உண்டு: மலிவாக ரேஸ் ஓட்ட வேண்டுமா, வேறொருவர் காசு செலவழித்துக் கட்டி, சலித்துப்போய் விற்கும் காரை வாங்கு. கேட்க அல்பமாக இருக்கும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதான் சரியான யோசனை.

மீதிப் பத்துப் பேருக்கு மூழ்கிய கார் உண்மையிலேயே நல்ல வேட்டை. ஏற்கெனவே அதே மாடலில் ரேஸ் கார் வைத்திருப்பவர்களுக்குக் கதவு, கண்ணாடி, வீல், சஸ்பென்ஷன் கை என்று ஒரு வண்டி முழுக்க உதிரி கிடைக்கும். அல்லது 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் மாதிரியான போட்டிக்குப் போகிறவர்கள். பிரான்ஸின் புகழ்பெற்ற லே மான் போட்டியைக் கிண்டலடித்து 2006-ல் அமெரிக்காவில் தொடங்கியது இது. கார் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது என்பதுதான் அதன் விதி. 'லெமன்' என்றால் அந்த ஊர் பேச்சில் உதவாக்கரை வண்டி. அவ்வளவு விளையாட்டான போட்டியிலும் ரோல் கேஜ், சீட், பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் செலவுக்கு அந்த 500 டாலர் வரம்பு கிடையாது. வண்டி உதவாக்கரையாக இருக்கலாம், கேஜ் அப்படி இருக்கக்கூடாது. இந்திய யூடியூப் கனவுகளில் இந்த வரி மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

கேஜ் பற்றிப் பேசும்போது கூட்டின் அடிப்பகுதியைச் சொல்லாமல் விட முடியாது. ரோல் கேஜின் கால்கள் தரையிலும், கதவுக்கு அடியில் ஓடும் குழல் போன்ற பகுதியிலும்தான் வெல்ட் ஆகின்றன. வெள்ளச் சேறு போய் அடைத்துக்கொள்வதும் அதே குழலில்தான். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு மெலிந்திருக்கும். வண்டி உருளும்போது கேஜ் நிற்கும், அது நின்ற தரை கிழியும். எண்டோஸ்கோப் கேமரா இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை அந்தக் குழலின் ஓட்டைக்குள் விட்டுப் பார்க்காமல் கேஜுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

ரேஸுக்குப் போகாத ரேஸ் கார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குபவரின் பணம், வாங்குபவரின் உடம்பு. அவர் வளர்ந்த மனிதர், தெரிந்தே இறங்குகிறார். அதில் அடுத்தவர் தலையிட அதிகம் இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

கேரேஜில் ஆரம்பிக்கப்படும் ரேஸ் கார்கள் நிறையவே முடிக்கப்படாமல் நிற்கின்றன. கல்யாணம் ஆகும், வேலை பெங்களூருவுக்கு மாறும், வீட்டு ஓனர் 'அந்த வண்டியை எப்பப்பா எடுப்பீங்க?' என்று கேட்பார். அப்போது அந்த அரைகுறை வண்டி என்ன ஆகிறது? கூட்டைக் கழுவியாகிவிட்டது. வயரிங் ஏதோ ஓடும் அளவுக்குச் சரியாகிவிட்டது. ஆர்சி உயிரோடு இருக்கிறது. பழைய சீட்டையும் ஒரு புது கார்ப்பெட்டையும் போட்டு, வாசனை ஸ்பிரே அடித்தால் அது மறுபடியும் ஒரு 'சிங்கிள் ஓனர், லோ கிலோமீட்டர்' வண்டி. ரேஸ் கட்டுவதற்கென்று நல்லெண்ணத்தோடு வாங்கியவரே விற்காவிட்டாலும், அவரிடமிருந்து வாங்குகிறவர் விற்பார்.

உதிரிகளும் அப்படித்தான். ரேஸ் கட்டுபவர் செலவை ஈடுகட்டத் தனக்கு வேண்டாததை விற்பது வழக்கம். சீட், கண்ணாடி, பேனல் விற்பதில் தப்பில்லை. ஆனால் அவர் கழற்றுவதில் ஏர்பேக், ஏர்பேக் பெட்டி, ஏபிஎஸ் யூனிட், விபத்தில் தானாக இறுகும் சீட் பெல்ட் ஆகியவையும் உண்டு. தண்ணீர் குடித்த ஏர்பேக் பெட்டி எந்தக் காருக்குப் போகிறதோ, அந்தக் காரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மோதும்போது வெடிக்காமல் போகலாம், மோதாதபோது வெடிக்கவும் செய்யலாம். இந்த ஒரு பொருளை விற்காமல் அழித்துவிடுவதுதான் ரேஸ் கட்டுபவரிடம் எதிர்பார்க்க வேண்டிய குறைந்தபட்ச நாணயம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்', 'வெள்ளம்', 'உதிரிக்கு மட்டும்' என்று மாநிலங்கள் முத்திரை குத்துகின்றன. மிக மோசமான வண்டிக்கு 'அழிப்புச் சான்றிதழ்' கொடுத்தால், அது மறுபடி சாலைக்கே வர முடியாது. டிராக்குக்குப் போகலாம், பதிவெண்ணுக்குப் போக முடியாது. ஓட்டைகளும் உண்டு. ஒரு மாநிலத்து முத்திரையை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரத்தைப் புதிதாக்கி மறைக்கும் மோசடிக்குப் பெயரே இருக்கிறது: பத்திரத்தைக் 'கழுவுவது'. அதைப் பிடிக்கத்தான் 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய வாகனப் பத்திரத் தகவல் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, 2009 முதல் பொதுமக்களும் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால், வாங்குபவர் ஒரு சேசிஸ் நம்பரை வைத்துக்கொண்டு தேட ஓர் இடம் இருக்கிறது.

இங்கே அப்படி என்ன இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது முடிந்த விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சி-யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இன்சூரன்ஸ் கணக்கில் டோட்டல் லாஸ் என்பது பணக்கணக்கு. 'நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதது' என்பது வேறு. இந்த இடைவெளியில்தான் வண்டிகள் நழுவுகின்றன. செட்டில்மென்டிலேயே 'ஆர்சி-யோடு', 'ஆர்சி இல்லாமல்' என்று இரண்டு வகை உண்டு. ஆர்சி-யோடு விற்றால் உடலுக்கு விலை அதிகம். ஏன் அதிகம் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். ரேஸ் கட்டுபவருக்கோ உதிரிக்காகப் பிரிப்பவருக்கோ ஆர்சி-யால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கூடுதல் விலை கொடுப்பவர் வண்டியைச் சாலைக்கு அனுப்பப் போகிறவர். அல்லது அதைவிட மோசம்: அந்த ஆர்சி-யையும் சேசிஸ் நம்பரையும் அதே மாடல் திருட்டு வண்டிக்கு மாட்டப் போகிறவர். டோட்டல் லாஸ் வண்டிகளின் காகிதத்தை வைத்துத் திருட்டுக் கார்களை விற்ற கும்பல்கள் வட மாநிலங்களில் பிடிபட்டது செய்திகளில் வந்ததுதான்.

பழைய கார் வாங்கும் ஒருவர் எம்பரிவாஹன் செயலியில் நம்பரைத் தட்டினால் பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எல்லாம் வரும். 2015-ல் முடிச்சூரிலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலோ அது கழுத்தளவு தண்ணீரில் நின்றதா என்பது வராது. இன்சூரன்ஸ் கம்பெனியின் கோப்பில் அந்தத் தகவல் இருக்கிறது. சர்வேயர் எடுத்த போட்டோவே இருக்கிறது. அது ஆர்சி பதிவோடு இணையவில்லை, அவ்வளவுதான் பிரச்னை. டோட்டல் லாஸ் செட்டில் ஆன அன்றே 'வெள்ளம் - டோட்டல் லாஸ்' என்ற ஒரு வரி அந்தப் பதிவில் ஏற வேண்டும். கடுமையாக மூழ்கியது என்றால் ஆர்சி ரத்தான பிறகே உடல் ஏலத்துக்குப் போக வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது தெரிந்ததுதான். சால்வேஜ் விலை விழும், கம்பெனிக்கு நஷ்டம், கடைசியில் எல்லோருடைய பிரீமியமும் ஏறும். விலை விழும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் விலையை இன்று யார் கொடுக்கிறார்கள்? மூழ்கிய வண்டி என்று தெரியாமல் வாங்கும் கடைசி ஆள். பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறவர், ஷோரூம் விலை கட்டாத குடும்பம். எல்லோருடைய பிரீமியத்தில் கொஞ்சம் ஏறுவதை அவர் ஒருத்தர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அது கொஞ்சம் கனமானது. எல்லா டோட்டல் லாஸும் குப்பை அல்ல. விலை உயர்ந்த காரில் எலக்ட்ரானிக்ஸ் மட்டும் போயிருந்தாலே 75 சதவீதம் தாண்டிவிடும். அதை ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்வதைவிட, எல்லாவற்றிலும் அந்த ஒரு வரியை எழுதச் சொல்வது முக்கியம். சரிசெய்தவர் 'மூழ்கியது, இப்படிச் சரிசெய்தேன்' என்று பில்லோடு விற்கட்டும். வாங்குபவர் தெரிந்து வாங்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்சி ரத்து என்ற யோசனையால் ஒன்றும் இழக்காத ஒரே கூட்டம் ரேஸ் கட்டுபவர்கள்தான். ரோல் கேஜ் போட்டு, உள்ளே எல்லாம் பிடுங்கிய காரை எப்படியும் சாலையில் ஓட்ட முடியாது. தயாரிப்பாளர் பதிவு செய்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூர் கரி டிராக்குக்கோ அது டிரக்கில் ஏறித்தான் போகும். அங்கே கேட்பது எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸும், ஸ்க்ரூட்டினியில் பாஸ் ஆன கேஜும் பெல்ட்டும். அதோடு, ஆர்சி இல்லாத உடலுக்குச் சாலை வியாபாரி போட்டிக்கு வரமாட்டார். ஏல விலை இறங்கும். மூழ்கிய காரை ரேஸ் காராக்கும் அந்தக் கணக்கு, இன்று பலருக்கு உதைப்பது, அப்போது ஒருவேளை சரியாக வரலாம்.

அதுவரை, ஏலத்தில் ஒன்றை எடுத்தே தீருவது என்று இருப்பவர் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் எதுவரை ஏறியது, எந்தத் தண்ணீர், வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, யார்டுக்கு வந்து எத்தனை நாள். எடுத்து வந்த பிறகு முதலில் பேட்டரியைக் கழற்றி, எல்லா ஆயிலையும் வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் நண்பர்கள் எவ்வளவு கேட்டாலும் சாவியைத் திருப்பக் கூடாது. ஆர்சி கையில் வந்திருந்தால், கேஜ் வெல்ட் ஆகும் முன்னரே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் அதை ஒப்படைத்துவிட்டு வரலாம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். டிசம்பர் முடிந்ததும் அடுத்த லாட் ஏலத்துக்கு வந்துவிடும்.